17(பி) மெமோ வந்தால் என்ன செய்வது?

தமிழ்நாடு அரசு ஊழியர் மீது குற்றம் சாட்டி, விளக்கம் கேட்டு மேலதிகாரி தரும் கடிதம்தான் மெமோ. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைகளுக்கானது. 17(பி) கட்டாய ஓய்வு, பணிநீக்கம், டிஸ்மிஸ் (பொதுவாக மறுபடி அரசு வேலைக்கு வர முடியாதபடி நீக்குவது) வரை போகும். எனவே மெமோவில் எந்த விதி என்று முதலில் பாருங்கள்.

வாங்க மறுக்காதீர்கள், மறுத்தாலும் நடவடிக்கை நிற்காது. தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குற்றச்சாட்டுகள், அவற்றின் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் நான்கும் இணைப்பில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். நகல் வராத ஆவணத்தை வரிசை எண் குறிப்பிட்டு, அது எந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லத் தேவை என்றும் எழுதிக் கேளுங்கள். அதே கடிதத்தில் கால அவகாசமும் கேட்டுவிடலாம். "எல்லா ஆவணமும் வேண்டும்" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டவர், எது கிடைக்காமல் என்ன பாதிப்பு என்பதைப் பின்னால் கோர்ட்டில் நிரூபிக்கத் திணறுவார்.

பலரும் சறுக்குவது மெமோவுக்குப் பதிலாக எழுதும் விளக்கக் கடிதத்தில்தான். "தவறுக்கு வருந்துகிறேன், மன்னிக்கவும்" என்று எழுதினால் அதுவே ஒப்புதலாகிவிடும். குற்றச்சாட்டு வாரியாக மறுப்பு எழுதி, கடைசியில் "வாய்மொழி விசாரணை வேண்டும், நேரிலும் கேட்கப்பட வேண்டும்" என்று தனி வரியாகச் சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பே கைநழுவிப் போகலாம்.

விசாரணை நாள்களில், நீங்கள் சொன்னது பதிவாகியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். சாட்சி வராமல் அவருடைய பழைய வாக்குமூலத்தை மட்டும் சேர்த்தால் உங்கள் ஆட்சேபத்தை அன்றே எழுத்தில் கொடுங்கள். தண்டனைக்கு முன் விசாரணை அறிக்கையின் நகல் உங்களுக்கு வந்தாக வேண்டும்; 1990-இல் முகமது ரம்ஜான் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

இவற்றுக்கெல்லாம் அடித்தளம் அரசமைப்பின் 311-ஆவது பிரிவு. உங்களை நியமித்தவருக்குக் கீழ்நிலை அதிகாரி உங்களை டிஸ்மிஸ் செய்ய முடியாது. அதனால் பழைய நியமன ஆணையைத் தேடி எடுத்து, அதில் கையெழுத்திட்டவரின் பதவியைப் பாருங்கள். விசாரணையே இல்லாமல் நீக்க மூன்று விதிவிலக்குகள்தான்: குற்ற வழக்கில் தண்டனை, விசாரணை நடத்த இயலாது என்று காரணம் எழுதிவைத்த நிலை, அரசின் பாதுகாப்பு கருதி ஆளுநர் எடுக்கும் முடிவு. போக்குவரத்துக் கழகம் போன்ற அரசு நிறுவன ஊழியர்களுக்கு 311 பொருந்தாது. அவர்கள் தங்கள் நிறுவன விதிகளைப் பார்க்க வேண்டும்.

தண்டனை ஆணை கையில் கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். உயர் நீதிமன்றம் அதற்குப் பிறகுதான். நேராகப் போனால் பெரும்பாலும் "முதலில் மேல்முறையீடு செய்யுங்கள்" என்றே திருப்பி அனுப்பும்.