கோபால்ட் தேவையா? பி12-ஐச் சரிபார்ப்பது எப்படி

உடம்புக்குக் கோபால்ட் வேண்டும் என்று படித்துவிட்டு அதைத் தனியாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். நம் உடம்பு கோபால்ட்டை உருப்படியாகப் பயன்படுத்துவது வைட்டமின் பி12 வழியாகத்தான், அந்த பி12-ஐச் செய்யத் தெரிந்தவை பாக்டீரியாக்களும் அவற்றைப் போன்ற ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும் மட்டுமே. ஆடு மாடுகளுக்குக் கோபால்ட் கிடைத்தால் போதும், முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை பி12 ஆக்கிவிடும். நமக்கு அந்த வசதி கிடையாது. வெறும் கோபால்ட் உப்பு ஆபத்தும்கூட: 1960களில் நுரை நிற்பதற்காக அதை பியரில் கலந்தபோது, நிறையக் குடித்தவர்களில் சிலர் இதயத் தசை பழுதாகி இறந்தே போனார்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் பி12 போதும். அதில் இருக்கும் கோபால்ட் வெறும் 0.1 மைக்ரோகிராம்தான்.

சரி, குறைபாடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கை கால் மரத்துப்போவது, தீராத அசதி, நடையில் தள்ளாட்டம் இருந்தால் மாத்திரையைத் தொடங்கும் முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பி12 அளவு இரண்டுங்கெட்டானாக வந்தால், மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் என்ற இரண்டு பொருட்களின் அளவையும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காரணம் இருக்கிறது, நம் உடம்பில் பி12-ஐ நம்பியிருக்கும் நொதிகள் (வேதிவினைகளை நடத்தும் புரதங்கள்) இரண்டே இரண்டு. மெத்தியோனின் சிந்தேஸ் என்ற ஒன்றில் கோபால்ட் அணு, ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமினிடமிருந்து ஒரு மெத்தில் தொகுதியை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) வாங்கி ஹோமோசிஸ்டீனிடம் கொடுக்கிறது, மியூட்டேஸ் என்ற மற்றொன்றில் கோபால்ட்டுக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பு அறுந்துதான் வேலையே தொடங்குகிறது. பி12 இல்லாவிட்டால் முதலாவது நின்று ஹோமோசிஸ்டீன் தேங்கும், இரண்டாவது நின்று மெத்தில்மலோனிக் அமிலம் ஏறும். ஃபோலேட் குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும், சிறுநீரகக் கோளாறில் இரண்டுமே ஏறலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கிச் சமாளிக்கவே கூடாது. சோகை சரியானதுபோலத் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும்.

பால், முட்டைகூடச் சேர்க்காதவர்கள் மாத்திரையோ செறிவூட்டிய உணவோ எடுத்தே ஆகவேண்டும், ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் இருப்பது பெரும்பாலும் நமக்கு உதவாத போலி பி12. நீண்ட நாள் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்களும் அவ்வப்போது அளவைப் பார்ப்பது நல்லது. அப்புறம், மாத்திரையில் 1000 மைக்ரோகிராம் என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம்: வயிற்றில் சுரக்கும் புரதம் ஒரு வேளைக்கு ஏற்றிவிடுவது ஒன்றிரண்டு மைக்ரோகிராம்தான், மீதியில் ஏறக்குறைய 1 சதவீதம் தானாகக் குடலில் கசிந்து சேரும். அந்தப் புரதமே சுரக்காதவர்களுக்கு இந்தப் பெரிய அளவோ ஊசியோதான் வழி.