முதல் மொபைல் ஆப்: எந்தத் தொழில்நுட்பத்தில் தொடங்கலாம்?

ஃபிளட்டரா, ரியாக்ட் நேட்டிவா என்ற கேள்வியில் தொடங்காதீர்கள். இரண்டும் ஒரே நிரலை ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடவைக்கும் கருவிகள். அந்தக் கேள்வி மூன்றாவது படியில்தான் வரும்.

1. ஆப் தேவையா என்று பாருங்கள். விலைப்பட்டியலும் தொடர்பு எண்ணும் மட்டும்தான் என்றால் மொபைலில் நன்றாகத் திறக்கும் வலைத்தளமே போதும்.

2. எந்தப் போன்? ஆண்ட்ராய்டு மட்டும் என்றால் கோட்லின் மொழியும் திரைகளை அமைக்கும் ஜெட்பேக் கம்போஸும், ஐபோன் மட்டும் என்றால் ஸ்விஃப்ட் மொழியும் அதே வேலைக்கான ஸ்விஃப்ட்யூஐயும். யோசிக்கவே வேண்டாம்.

3. இரண்டிலும் ஓட வேண்டுமா? ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர் ரியாக்ட் நேட்டிவை எக்ஸ்போவோடு (அதில் வேலையை எளிதாக்கும் துணைக்கருவி) எடுக்கலாம். புதிதாகக் கற்பவருக்கு ஃபிளட்டர் என்பேன். அதற்கான டார்ட் மொழி சீக்கிரம் பிடிபடும். ரியாக்ட் நேட்டிவ் போனுக்கே உரிய பட்டன்களைப் பயன்படுத்தும். ஃபிளட்டர் திரை முழுவதையும் தானே வரையும், அதனால் இரண்டு போனிலும் ஒரே தோற்றம். ஐபோன் பதிப்பைக் கட்ட ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருள் வேண்டும், அது மேக்கில் மட்டுமே ஓடும். மேக் இல்லாதவர்களுக்கு எக்ஸ்போவின் கிளவுட் பில்ட் (அவர்கள் சர்வரில் ஆப்பைக் கட்டித்தரும் சேவை) கைகொடுக்கும்.

4. எத்தனை வருடம் தாங்கும் என்று பாருங்கள். பலரும் தாண்டிப்போகும் படி இது. இதேபோன்ற ஆப் கருவியான ஃபோன்கேப்பை அடோபி 2020-இல் நிறுத்தியது. இன்னொரு கருவியான ஸமரினுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 மே 1-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதில் எழுதியவர்கள் அதன் வாரிசான டாட்நெட் மாயிக்கு மாற வேண்டியதாயிற்று. பெரிய கம்பெனி பின்னால் இருப்பது உத்தரவாதம் ஆகாது. அதனால் கிட்ஹப்பில் (நிரல்கள் வெளியிடப்படும் தளம்) அந்தக் கருவியின் கடைசி வெளியீடு எப்போது, உங்களுக்கு வேண்டிய பிளக்இன்களை (கேமரா, பிரிண்டர் போன்றவற்றை இணைக்கும் துணை நிரல்கள்) இன்னும் யாராவது கவனிக்கிறார்களா என்று பாருங்கள். பிளக்இன் செத்தால் ஆப்பும் அங்கேயே நிற்கும். அப்புறம், கணக்குப் போடும் வேலை, விதிமுறைகள் எல்லாவற்றையும் முடிந்தவரை சர்வரில் வையுங்கள். நாளைக்குத் தொழில்நுட்பம் மாறினால் திரைகளை மட்டும் திரும்ப எழுதினால் போதும்.

5. கடினமானதை முதலில் செய்து பாருங்கள். லாகின் திரை எதிலும் வரும். உங்கள் ஆப்புக்கு புளூடூத் பிரிண்டர் தேவை என்றால் அதை மட்டும் ஒரு சின்ன ஆப்பாக எழுதி, விலை குறைந்த பழைய போனில் ஓட்டுங்கள். கணினியில் ஓடும் போலிப் போனான எமுலேட்டரை நம்பாதீர்கள். ஃபிளட்டர் டீபக் முறையில் (எழுதிச் சோதிக்கும்போது ஓடுவது) மெதுவாகத்தான் ஓடும், வேகத்தை வெளியிடத் தயாரான ரிலீஸ் பில்டில் பார்த்துச் சொல்லுங்கள். பிரிண்டர் அங்கே ஒத்துழைக்கவில்லையா? மூன்றாவது படிக்குத் திரும்பி மற்றதை எடுங்கள்.