மலைப்பாதைக்கு டியர்டிராப் டிரெய்லர்: ஃபிரேமில் செய்யக் கூடாத தவறுகள்

டியர்டிராப் டிரெய்லர் என்பது கண்ணீர்த்துளி வடிவில், உள்ளே படுக்கையும் பின்னால் சமையலறையும் வைத்து, கார் இழுத்துப் போகும் சின்ன வண்டி. சொந்தமாக அதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் யோசிப்பது மேலே வரும் பெட்டியைத்தான். மெத்தை எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம், பின்கதவைத் தூக்கினால் அடுப்பு வைக்க இடம் இருக்குமா என்றே பேச்சு ஓடும். அடியில் வரும் ஃபிரேமை வெல்டிங் பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். அவரும் நல்ல எண்ணத்தோடுதான் டிராக்டர் டிரெய்லருக்குப் போடுகிற, 'சி' வடிவில் வரும் கனமான சேனல் இரும்பை எடுத்து வைப்பார். "கனமா போட்டா உடையாது சார்." தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளைவுட் ஷீட் எட்டடிக்கு நாலடி. அதனால் டிரெய்லரின் தரையையும் அதே அளவில் வைப்பது வழக்கம். இரண்டு நெடுஞ்சட்டம், ஐந்து குறுக்குச்சட்டம், முன்னால் காரோடு சேரும் இரண்டு இழுவைக் கைகள் என்று மொத்தம் ஏறக்குறைய 15 மீட்டர் இரும்பு வேண்டும். 100 எம்.எம். சி சேனல் மீட்டருக்கு ஒன்பதரைக் கிலோ. எல்லாம் சேர்த்தால் 140 கிலோவைத் தாண்டும். 3 எம்.எம். கனமுள்ள 50×50 ஸ்கொயர் டியூப் மீட்டருக்கு நாலேகால் கிலோதான். 65 கிலோவில் வேலை முடிந்துவிடும். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றியும் 500 கிலோவுக்குள் நிற்கிற வண்டிக்கு, இணைப்புகள் ஒழுங்காக இருந்தால், அந்த டியூப் தாங்கும். சேனல் போட்டால் கூடுகிற 75 கிலோவை ஒவ்வொரு முறையும் மலையேற்ற வேண்டியது உங்கள் கார்தான். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஊட்டி நிலையம் 2,203 மீட்டரில். நடுவே கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ரயிலுக்கே பல்சக்கரம் தேவைப்பட்டது. ஏறுவதையாவது சமாளித்துவிடலாம். இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளும் ஒவ்வொரு கிலோவையும் காரின் பிரேக்தான் பிடித்து நிறுத்த வேண்டும். காரின் கையேட்டில் எத்தனை கிலோ இழுக்கலாம் என்று பாருங்கள். இழுக்கவே கூடாது என்று போட்டிருந்தால், சரி, அந்தக் காரை மறந்துவிடுங்கள்.

இரும்பு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய இன்னொரு வேலையும் இருக்கிறது. என்ஜின்தான் இல்லையே, பதிவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. வீட்டில் செய்த டிரெய்லருக்கு என்ன ஒப்புதல், என்ன வரைபடம் கேட்பார்கள் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். வெல்டு வைத்து முடித்த பிறகு கேட்டால், அறுத்து மறுபடி செய்ய வேண்டி வரலாம்.

இனி உடைகிற இடத்துக்கு வருவோம். இழுவைக் கை பெட்டியின் முன் குறுக்குச்சட்டத்தைத் தொடும் இடம் அது. டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் இருக்கும் ஹிட்ச் பந்தின் மேல், வண்டி நிற்கும்போது 50 கிலோ அமர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு குழியில் விழுந்து எழுந்தால் அதுவே மூன்று மடங்காகலாம். ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கை அந்தப் பாரத்தை நெம்புகோலாகப் பெருக்கி, முதல் குறுக்குச்சட்டத்தில் கொண்டுபோய் இறக்குகிறது. நடுவில் ஒற்றை 50×50 டியூப் மட்டும் போட்டிருந்தால் அந்த இடத்தில் இரும்பு தன் எல்லையைத் தொட்டுவிடும். 'ஏ' வடிவில் இரண்டு கை வைத்தால் பாரம் பாதியாகப் பிரியும். ஒற்றைக் கைதான் வேண்டும் என்றால் உயரம் கூடிய டியூபாக, 75 எம்.எம். அல்லது அதற்கு மேல், எடுத்து உயரப் பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள்.

கையை முதல் குறுக்குச்சட்டத்தோடு நிறுத்திவிடுவது இதைவிடப் பெரிய தவறு. பார்க்க நேர்த்தியாக இருக்கும், இரும்பும் மிச்சம். ஆனால் மொத்த வளைவு விசையும் ஒரே ஒரு வெல்டின் தலையில் விழுகிறது. கை உள்ளே ஓடி இரண்டாவது குறுக்குச்சட்டத்தையாவது பிடிக்க வேண்டும். அச்சு வரை போனால் இன்னும் நல்லது.

அந்த இணைப்பில் வெல்டு எங்கே வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். வளையும் சட்டத்தில் இழுப்பும் அழுத்தமும் உச்சமாக இருப்பது மேல் முகத்திலும் கீழ் முகத்திலும்தான். பக்கவாட்டின் நடு உயரத்தில் அநேகமாக ஒன்றும் இருக்காது. எனவே கையின் அடிமுகத்தில் குறுக்காக ஒரு வெல்டு இழுத்தால், விரிசல் ஆரம்பிக்க நாமே கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. பக்கங்களில் நீளவாக்கில் வெல்டு வையுங்கள். பலப்படுத்தும் தகடு வைத்தால் அதன் முனையைச் சதுரமாக வெட்டாமல் சரிவாக முடியுங்கள். துளை போடுவதற்கும் இதே விதிதான்: போல்ட் போவது பக்கவாட்டின் நடுவில் இருக்கட்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று மேலிருந்து கீழாக நாலு துளை போட்டுவிடுகிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. பக்கத்திலேயே நின்று தடுக்க வேண்டிய பழக்கம் அது.

கையின் நீளம் சமவெளியில் யாரும் பெரிதாகக் கவனிக்காத விஷயம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பந்திலிருந்து பெட்டியின் முகப்பு வரை ஒரு மீட்டருக்குக் குறைவாக வைத்தால், இறுக்கமான திருப்பத்திலோ ரிவர்ஸ் எடுக்கும்போதோ பெட்டியின் முன்மூலை காரின் பின்பக்கத்தில் இடிக்கும். ரொம்ப நீட்டினாலும் வம்புதான்: டிரெய்லர் வளைவை உள்பக்கமாகக் குறுக்கே வெட்டிப் போகும், உள்பக்கச் சக்கரம் ஓர வாய்க்காலில் இறங்கும். ஒரு மீட்டருக்கும் ஒன்றேகால் மீட்டருக்கும் இடையில் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

அச்சைத் தரையின் சரிபாதியில் வைப்பது அடுத்த தவறு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் உட்கார வேண்டும். அது குறைந்தால் இறக்கத்தில் டிரெய்லர் பாம்புபோல் ஆட ஆரம்பிக்கும். டியர்டிராப்பில் சமையலறை பின்னால். சிலிண்டர், பாத்திரம், தண்ணீர் கேன் எல்லாம் அங்கேதான் சேரும். காகிதத்தில் பார்த்த இடத்தில் அச்சை வெல்டு வைத்துவிட்டு, அப்புறம் பின்னால் சாமானை அடுக்கினால் முன்பக்கம் தூக்கிவிடும். ஸ்பிரிங் பிராக்கெட்டை டாக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் வைத்து நிறுத்துங்கள். பெட்டியும் சாமானும் வரப்போகிற இடத்தில் மணல் மூட்டையை அடுக்கி, கைநுனியை உடல் எடை பார்க்கும் மிஷின் மேல் வைத்துப் பாருங்கள். கணக்குச் சரியாக வந்த பிறகு முழு வெல்டு.

ஸ்பிரிங்கிலும் அதே 'கனமாப் போடு' புத்திதான். லோடு வண்டியின் பிளேட் ஸ்பிரிங் கட்டு இந்த எடைக்கு அசையக்கூட அசையாது. அது உறிஞ்ச வேண்டிய அதிர்ச்சி நேராக ஃபிரேமின் வெல்டுகளுக்குப் போய்ச் சேரும். ஏற்றிய எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் வாங்குங்கள். கூடுதல் பிளேட் இருந்தால் கழற்றிவிடுங்கள். பழைய மாருதி ஆம்னி வேனின் பின் அச்சு மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் அது பின்சக்கரத்தால் ஓடும் வண்டி. என்ஜின் விசையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்க நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் உங்களுக்கு வெறும் சுமை.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சமமான தரை கிடைப்பதே கஷ்டம். சரிவான வாசலில் செங்கல்லை அண்டை கொடுத்து ஃபிரேமை அடித்தால் முறுக்கிக்கொண்டுதான் வரும். முறுக்கிய ஃபிரேமில் பின்கதவு எந்தக் காலத்திலும் ஒழுங்காகப் பொருந்தாது. இரண்டு குதிரைக் கட்டைகளை ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, அவற்றின் மேல் வேலை செய்யுங்கள். எட்டுக்கு நாலு ஃபிரேமில், அதாவது 2,440க்கு 1,220 எம்.எம்., இரண்டு மூலைவிட்டமும் 2,728 எம்.எம். வர வேண்டும். இரண்டு, மூன்று எம்.எம். வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. எல்லா மூலையையும் முதலில் டாக் வைத்து, அளந்து, பிறகு ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை என்று மாற்றி மாற்றி வெல்டு செய்யுங்கள். ஒரே பக்கமாக முடித்துக்கொண்டு போனால் சூடு ஃபிரேமை இழுத்துவிடும்.

நீலகிரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. மிச்ச நாளில் மூடுபனி. ஈரம் குடித்த வெல்டிங் ராடால் வெல்டு வைத்தால் உள்ளே பொடிப்பொடி ஓட்டை விழும். 7018 ரக ராடு என்றால் கட்டாயம் சூட்டில் காயவைத்தது வேண்டும். பட்டறையில் அதற்கு அடுப்பு இல்லையென்றால் 6013 போதும், அதுவும் பிரிக்காத பாக்கெட்டிலிருந்து. துருப்பிடிக்காது என்று, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் வாங்கி அப்படியே வெல்டு வைக்காதீர்கள். துத்தநாகப் புகை குளிர்காய்ச்சல் கொண்டுவரும்.

டியூபின் முனைகளை முழுதாக அடைத்துவிடுங்கள். முடியாவிட்டால் தாழ்ந்த பக்கத்தில் நீர் வடியத் துளை வையுங்கள். அரைகுறையாக மூடியதுதான் மோசம். உள்ளே தண்ணீர் தேங்கி, வெளியே பெயின்ட் பளபளக்க, இரும்பு உள்ளிருந்தே தின்று போகும். வெல்டின் மேல் படியும் கசடான சிட்டத்தைத் தட்டிச் சுரண்டாமல் பிரைமர் அடித்தாலும் வீண்தான். பிளைவுட், ஈரம் தாங்கும் மரைன் ரகத்துக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாக இருக்கட்டும். அதன் அடிப்பக்கத்துக்குத் தார் பெயின்ட் அடித்துவிட்டு இரும்பின் மேல் உட்கார வையுங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன்பே சக்கரத்தை மாட்டி, மணல் மூட்டையோடு பக்கத்துச் சாலையில் மெதுவாக ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கைக்கு அடியில் குறுக்காகப் போட மறக்க வேண்டாம். திரும்பியதும், அச்சை ஸ்பிரிங்கோடு பிடித்திருக்கும் யு போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள், முதல் ஓட்டத்தில் அவை கட்டாயம் தளரும். வெல்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கப் பழைய வழி ஒன்று உண்டு. ஆறிய இணைப்பில் மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டுத் துணியால் நன்றாகத் துடைத்து, சாக்குக்கட்டிப் பொடியைத் தூவுங்கள். வெள்ளைப் பொடியில் ஈரமாக ஒரு கோடு தெரிந்தால் அங்கே விரிசல். அதன் மேலேயே இன்னொரு வெல்டு ஓட்டி மூடாமல், கிரைண்டரால் அடிவரை தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.