பிபிஓ விண்ணப்பம்: எதை எழுதுவது, எப்போது கவனமாக இருப்பது

குடும்ப வன்முறையிலிருந்து காக்க சிங்கப்பூர் நீதிமன்றம் தரும் தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு, அதாவது பிபிஓவுக்கு, வழக்கறிஞர் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூர்க் குடியுரிமையும் தேவையில்லை. 2025 ஜனவரியிலிருந்து 18 வயதானவர்கள் தாங்களே கேட்கலாம். அடி மட்டுமல்ல, பாலியல் கொடுமையும் மனத்தை ஒடுக்கும் கொடுமையும் சட்டத்தில் அடங்கும். முஸ்லிம்களும் இதற்குப் போகவேண்டியது குடும்ப நீதிமன்றத்துக்குத்தான், ஷரியா நீதிமன்றத்துக்கு அல்ல.

குடும்ப நீதிமன்றத்தின் ஐஃபேம்ஸ் இணையத்தளத்தில், சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் மூலம் விண்ணப்பிக்கலாம். உங்கள் கைப்பேசியைக் கணவர் திறந்து பார்ப்பார் என்றால் வீட்டிலிருந்து செய்யாதீர்கள். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் பேவ் போன்ற நிலையத்துக்கு நேரில் போங்கள். 1800-777-0000 என்ற வன்முறை உதவித் தொலைபேசி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

பலர் தடுமாறுவது விண்ணப்பத்தில் எழுதும் வாக்குமூலத்தில். "எப்போதும் அடிப்பார்" என்றால் நீதிபதியால் எதையும் எடைபோட முடியாது. கடைசியாக நடந்ததிலிருந்து தொடங்குங்கள்: என்ன தேதி, எத்தனை மணி, சமையலறையா கூடமா, எந்தக் கையை முறுக்கினார், என்ன சொன்னார், பிள்ளைகள் எங்கே இருந்தார்கள். பிறகு பழையவற்றுக்குப் போங்கள். காயம் சிறியதானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டி, யார் அடித்தது என்று சொல்லிப் பதிவுசெய்ய வையுங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்று அங்கே சொன்னால், விசாரணையில் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். வாட்ஸ்அப் மிரட்டல்களை, அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி படமெடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் அனுப்பிவையுங்கள்.

உடனடி ஆபத்து இருந்தால் விசாரணைக்கு முன்பே அவசர ஆணை கிடைக்கலாம். ஆனால் அது கணவர் கையில் சேர்ப்பிக்கப்பட்ட பிறகே செல்லுபடியாகும். வழக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியவருவதும் அப்போதுதான். அந்த நாட்களில் எங்கே தங்குவது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். அவரை வீட்டிலிருந்து விலக்கிவைக்கும் ஆணையையும் சேர்த்துக் கேட்கலாம். அதனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் உரிமை மாறாது.

"கேஸை வாபஸ் வாங்கு, அவர் வேலை போய்விடும்" என்று உறவினர்கள் நெருக்குவார்கள். பிபிஓ குற்றத் தீர்ப்பு அல்ல, அதனால் குற்றப்பதிவு வராது. மீறினால்தான் குற்றம். அப்போது 999ஐ அழைத்து, ஆணை இருக்கிறது என்று முதலிலேயே சொல்லி, நகலைக் காட்டுங்கள். சமாதானமாகி மறுபடி சேர்ந்து வாழ்ந்தாலும் ஆணை தானாக முடிந்துவிடாது, நீதிமன்றம்தான் நீக்கவேண்டும்.