துணிக்கொடியில் தெருத்தொல்லைப் புகார்கள்: அமைப்பது எப்படி

1978-இல் மெக்சிகோ நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மோனிகா மாயர் என்ற கலைஞர் ஒரு துணிக்கொடி கட்டினார். பெண்ணாக இந்த நகரத்தில் தனக்கு எது பிடிக்கவில்லை என்பதைப் பெண்கள் சிறிய இளஞ்சிவப்புத் தாள்களில் எழுதினார்கள்; கொடியில் துணிக்குப் பதில் அவை தொங்கின. தெருவில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைகளைத் திரட்ட உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கொடி கட்டலாம். அதைக் கட்டுவது எளிது. கேள்வியை அமைப்பதில்தான் பாதி வேலை.

“உங்களுக்குத் தொல்லை நடந்ததா?” என்று கேட்டால் “ஆம்” என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். பாதியில் நிற்கும் வாக்கியம் கொடுங்கள்: “இந்த நிறுத்தத்தில் இருட்டிய பிறகு நான்...” இடமும் நேரமும் தானாக வந்து விழும். கொடிக்கு ஒரே கேள்வி போதும்.

ஏ6 அளவு அட்டை, கனம் 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம்) குறையாமல். மெல்லிய தாள் காற்றில் சுருண்டுவிடும். அட்டைக்கு இரண்டு கிளிப். ஒன்று மட்டும் போட்டால் அட்டை திரும்பி முதுகைக் காட்டும். நெடுக்காக மாட்டினால் 10 மீட்டர் கயிற்றில் சுமார் 80 அட்டை பிடிக்கும். 3 மீட்டருக்கு ஒரு தாங்கல் இல்லையென்றால் நடுவில் தொய்யும். ஒரு கயிறு 150 செ.மீ. உயரத்தில், இன்னொன்று 110-இல்: சக்கர நாற்காலியில் வருபவரும் படிக்க வேண்டுமே. ஜெல் பேனா மை தூறலில் கரையலாம், நீரில் கரையாத மார்க்கர் வையுங்கள்.

வெறுங்கொடியில் முதல் ஆளாக எழுத யாரும் வரமாட்டார்கள். தெரிந்த பெண்களிடம் முன்பே கேட்டு வாங்கிய 10, 15 அட்டைகளோடு தொடங்குங்கள். எழுதும் மேசை கூட்டத்துக்கு முதுகு காட்டி இருக்கட்டும். தன் கையால் மாட்டத் தயங்குபவருக்கு மூடிய பெட்டி ஒன்று.

மாட்டும் முன் ஒருவர் படித்தாக வேண்டும். ஆள் பெயர், தொலைபேசி எண், வண்டி எண் இருந்தால் அவதூறு வழக்கு வரலாம். எழுதியவரே அடையாளம் காணப்படுவார் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. நீங்களாக அதை அடித்துத் திருத்தாதீர்கள், அவரிடமே மாற்றி எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து தெரியும்படி படம் எடுப்பதையும் தடுக்க வேண்டும். எழுதும்போது உடைந்து அழுபவர் உண்டு. உதவி எண்ணோடு ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கொடியை அவிழ்த்ததும் அட்டைகளை இடம், நேரம், தொல்லையின் வகை என்று பிரித்து வரைபடத்தில் குறியுங்கள். 1977-இல் லாஸ் ஏஞ்சலஸில் சூசன் லேசி என்ற கலைஞர், காவல்துறைக்கு வந்த பாலியல் வன்புணர்வுப் புகார்களை நகர வரைபடத்தில் சிவப்பு முத்திரையாகக் குத்திக் காட்டினார். “பாதுகாப்பு வேண்டும்” என்று மட்டும் மனு கொடுத்தால் அதிகாரிகள் அதை ஓரமாக வைத்துவிடுவார்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்த நிறுத்தத்தில் எத்தனை புகார் என்று வரைபடத்தோடு கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். மனுவோடு நகல்களை மட்டும் கொடுங்கள்; மூல அட்டைகள் உங்களிடமே இருக்கட்டும்.