பெயருக்குப் பொருள் தேடுவது எப்படி: ‘வள்ளி’யை வைத்துப் பார்ப்போம்

பொண்ணுக்குப் பெயர் தேடும்போது இணையப் பட்டியல்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். பாதிப் பெயர்களுக்கு ‘அழகானவள்’, ‘அறிவானவள்’ என்றுதான் போட்டிருப்பார்கள்.

முதலில் எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் வள்ளி, வல்லி இரண்டும் ஒன்றாகிவிடும், தமிழில் அப்படியில்லை. கோமளவல்லி, மரகதவல்லியில் வருவது வல்லி. முருகனோடு நிற்பவள் வள்ளி. இரண்டுக்குமே கொடி என்ற பொருள் உண்டு என்றாலும் வள்ளிக்குப் பின்னால் இருக்கும் கதை வேறு.

அடுத்து அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–36) இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் முதல் பொருளோடு நிறுத்திவிடாமல் கீழே வரை படியுங்கள், பக்கத்துச் சொற்களையும் பாருங்கள். வள்ளிக்குக் கொடி, கிழங்குக்கொடி, ஒருவகைக் கூத்து என்று பல பொருள் உண்டு. புறநானூற்றில் ‘வள்ளியோர்’ என்று வந்தால் அது வள்ளல்கள், அதைப் பார்த்துவிட்டு வள்ளி என்றால் ‘கொடை தருபவள்’ என்று எழுதிவிடக் கூடாது.

அப்புறம் பெயர் எவ்வளவு பழையது என்று பார்க்க வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான். நற்றிணை 82-ஆம் பாட்டில் தலைவன் தன் காதலியை ‘முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல’ என்கிறான், அதாவது முருகனோடு சேர்ந்து நடந்த வள்ளி மாதிரி அவளும் இவனோடு வருகிறாள், சங்க காலத்திலேயே உவமையாகச் சொன்னால் புரியும் அளவுக்கு அவள் எல்லோருக்கும் தெரிந்தவள். பெயர்க் காரணம் கந்தபுராணத்தில் இருக்கிறது: மான் ஈன்ற குழந்தை, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்தது, வேடர் தலைவன் நம்பி எடுத்து வளர்த்தான், கிழங்கின் பெயரே பிள்ளைக்கும் ஆனது. காட்பாடிப் பக்கத்து வள்ளிமலையை அவள் ஊராகச் சொல்வார்கள்.

கடைசியாக, அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்களையும் தேடுங்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று 1914-இல் 16 வயதில் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மையை மகளுக்குச் சொல்லாமல் விடலாமா?

அவசரம் வேண்டாம். பிறப்பைப் பதிந்துவிட்டால், ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். சேர்க்கும்போது சான்றிதழில் தமிழ் எழுத்து ‘ள்ளி’யா ‘ல்லி’யா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.