நன்றாக வரைகிறவர்களும் குழந்தைகள் புத்தகத்தில் சறுக்குவது எங்கே?

படம் நன்றாக வரைகிறவர்கள்தான் முதல் படப் புத்தகத்தில் அதிகம் அடிபடுகிறார்கள். நானும் பட்டேன். கதை கைக்கு வந்த அன்றே எனக்குப் பிடித்த ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரையும் ஆலமரமுமாக நான்கு நாள் உட்கார்ந்து வாட்டர்கலரில் முடித்தேன். அப்புறம் புத்தகமாக மடித்துப் பார்த்தால், அந்தக் காட்சி 8, 9ஆம் பக்கங்களில் எதிரெதிரே விரிகிறது, சிறுமியின் முகம் நடுமடிப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. மூக்கையே காணோம்.

டம்மி, அதாவது வெற்றுத்தாளை மடித்துச் செய்கிற மாதிரிப் புத்தகம், செய்யாமல் வண்ணத்தில் கை வைத்ததுதான் தவறு. நான்கு ஏ4 தாளை ஒன்றாக வைத்து நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடித்தால் 16 பக்கம் கிடைத்துவிடும். முதல் பக்கம் தலைப்புக்கு, இரண்டாவது பதிப்பு விவரத்துக்கு என்று வைத்தால் கதைக்கு மிஞ்சுவது 14. அதில் 3ஆம் பக்கமும் 16ஆம் பக்கமும் தனியாக நிற்கும், நடுவில் எதிரெதிரே விரிகிற ஆறு இரட்டைப் பக்கங்கள். வெளிநாட்டில் 32 பக்கம்தான் வழக்கம், நம்மூரில் 16, 24 நிறைய வருகின்றன. பின் அடிக்கிற புத்தகம் என்றால் எப்படியும் நான்கின் மடங்குதான், 18 பக்கத்தில் கதை முடிகிறது என்று அடம்பிடிக்க முடியாது. முதலில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் மொத்தப் புத்தகத்தையும் ஒரே தாளில் கிறுக்குங்கள், அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை.

அடுத்தது, வரியில் உள்ளதையே மறுபடி வரைவது. ‘மீனு ஆட்டைத் தேடினாள். எங்கேயும் இல்லை’ என்று கதையில் இருக்கிறது என்று வையுங்கள். மீனு கையை நெற்றியில் வைத்துத் தேடுகிறாள், சுற்றிலும் காலி வயல், அவ்வளவுதான் படம் என்றால் குழந்தைக்கு அங்கே வேலையே இல்லை. அதே பக்கத்தில் வைக்கோல்போருக்குப் பின்னால் ஒரு வாலை மட்டும் நீட்டிவிடுங்கள், “அதோ! அதோ!” என்று புத்தகத்தைப் பிடுங்கிவிடும். ஆங்கிலேயப் படப் புத்தகக்காரர் பாட் ஹட்சின்ஸ் 1968இல் கொண்டுவந்த ‘ரோஸீஸ் வாக்’ புத்தகத்தில் கோழி நடைபோகிறது, பின்னாலேயே நரி வருகிறது, ஆனால் வரிகளில் நரி என்ற பேச்சே கிடையாது.

சரி, அந்த ஆடு கிடைக்கிற படத்தை எங்கே வைப்பீர்கள்? வலது பக்கத்தில் வைத்தால் தாளைத் திருப்பியதுமே கண்ணில் பட்டுவிடும், இடது பக்கத்தில் தேடுகிற வரியைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும். கேள்வி வலது பக்கத்தில், அதாவது ஒற்றைப்படை எண்ணில் முடிய வேண்டும். விடை தாளுக்குப் பின்னால். அதேபோல நாம் இடமிருந்து வலம் படிக்கிறவர்கள், பாட்டி வீட்டுக்குப் போகிறவள் வலப்பக்கம் பார்த்தே நடக்கட்டும். காரணமில்லாமல் திசை மாறினால் வீட்டுக்குத் திரும்புகிறாளோ என்று தோன்றும்.

எழுத்துக்கு இடம் விடாதது எல்லோரும் செய்வது. குழந்தைப் புத்தகத்தில் எழுத்து பெரிதாக இருக்கும், தமிழிலோ ‘பட்டாம்பூச்சிகளுக்கெல்லாம்’ என்று ஒரே சொல் பாதி வரியை விழுங்கும். சென்னை தூலிகா பதிப்பகம் போல ஆங்கிலமும் தமிழும் சேர்த்துப் போடுகிறவர்களுக்கு வரைந்தால், ஒரே வாக்கியத்துக்கு இரண்டு இடம் வேண்டும். கூடவே ‘டமால்’ என்ற சத்தத்தையும் டீக்கடைப் பெயர்ப்பலகையையும் தூரிகையால் எழுதிவிடாதீர்கள். வேறு மொழிக்குப் போகும்போது கறுப்பு எழுத்தை மட்டும் மாற்றுவார்கள், நீங்கள் படத்தோடு சேர்த்து எழுதியது அப்படியே நிற்கும்.

4ஆம் பக்கத்தில் இடது சடையில் இருந்த சிவப்பு ரிப்பன் 9இல் வலது சடைக்குப் போனால் பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள், ஐந்து வயது கவனிக்கும். மீனுவை முன்னால், பக்கவாட்டில், முதுகுப்புறம், அழுகையில், ஓட்டத்தில் என்று ஒரு தாளில் வரைந்து மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். பெரியவரைச் சுருக்கிவைத்தால் குழந்தை ஆகிவிடாது. பெரியவர் உயரம் அவர் தலையைப் போலச் சுமார் ஏழு, ஏழரை மடங்கு, ஐந்து வயதுக்கு ஐந்து, ஐந்தரைதான்.

கணினியில் வரைகிறவர்கள் திரையில் பளீரென்று தெரிகிற கிளிப்பச்சையை நம்பாதீர்கள், நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும். அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வையுங்கள், அச்சகத்தில் ஓரம் வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள்.

பழக வேண்டுமென்றால் குழந்தைப் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படங்களைப் பார்க்காமல் வரிகளை மட்டும் எடுத்து, உங்கள் டம்மியைப் பென்சிலில் செய்து, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் படித்துக் காட்டுங்கள். என் இரண்டாவது டம்மியை ஒரு பொடியன் 6ஆம் பக்கத்திலிருந்து நேராக 10க்குத் தாண்டிவிட்டான். நடுவில் இருந்த இரட்டைப் பக்கத்தை அன்றைக்கே கிழித்தேன்.